வாசலில் ஒரு கேமரா

ஒரு போனுக்கு மூன்று ஸ்க்ரூ. அதுதான் ஒரகடத்தில் ஒரு போன் கம்பெனியில் என் வேலை. போன் பெல்ட்டில் வரும், மூன்று ஸ்க்ரூ போடுவேன், போய்விடும். எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்றெல்லாம் முதல் மாதம் யோசித்தேன். அப்புறம் யோசிக்கவில்லை. கை தன் பாட்டுக்குப் போடும், மனசு தன் பாட்டுக்கு எங்கேயாவது கிடக்கும்.

ஆனால் எனக்கு இந்தச் சாமான்கள் மேல் பைத்தியம் உண்டு. சின்ன வயதில் டிவி ரிமோட்டைக் கழற்றிப்போட்டு அடி வாங்கியவள். சேரப்பணஞ்சேரியில் நாங்கள் நாலு பெண்கள் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். என் தலைமாட்டில் மட்டும் பவர் பேங்க், கையடக்க ஃபேன், ஒரு காது மட்டும் கேட்கும் இயர்பட்ஸ், புத்தகம் படிக்கிற டேப் ஒன்று, மணி தப்பாகக் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் என்று கிடக்கும். மற்ற மூன்று பேரும் கழுத்துக்குக் கவரிங் செயின் வாங்கினால் நான் சார்ஜர் ஒயர் வாங்குவேன். கடை எப்போது திறப்பாய் என்று கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்துவிட்டது.

ஷிப்ட் முடிந்து வந்தால் நெட்டில்தான் குடித்தனம். ஒருநாள் ஒரு வீடியோ கிடைத்தது. எங்கோ குளிர் தேசத்தில் ஒரு ஆள், கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு, நாங்கள் செய்கிற அதே போனைப் பிரித்துப் போடுகிறான். மூடியைக் கழற்றி, ரிப்பனை விலக்கி, கடைசியில் என் மூன்று ஸ்க்ரூவையும் எடுத்து ஒரு காந்தத் தட்டில் போட்டான். பேட்டரியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான், கேமராவைப் பற்றிப் பேசினான். ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "யோவ், அதெல்லாம் நான் போட்டதுய்யா" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். அறையில் சிரித்தார்கள். எனக்கு நிஜமாகவே கோபம்.

இன்னொரு நாள், பூட்டுப் போடாத கேமராக்களை எல்லாம் வரிசையாகக் காட்டுகிற ஒரு பக்கம் அகப்பட்டது. வாங்கியவர்கள் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டுவிட்டால் உலகமே எட்டிப் பார்க்கலாம் போல. ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டை ஒரு வாரம் பார்த்தேன். ஒரு பெரியவர் மாவு பிசைவார், உட்காருவார், மறுபடி பிசைவார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும் என்று அப்போது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் அங்கே கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மா தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்கு இல்லை. அப்பா பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டராக நின்று நின்று இரண்டு முட்டியையும் தேய்த்துக்கொண்டு, இப்போது வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் வேன் ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அப்பா ஒருநாள் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? பெல்ட்டின் முன்னால் நிற்கும்போது இந்த ஒரு கேள்விதான் எனக்கு வந்து வந்து போகும். மற்றபடி எதைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்படுகிற ஆள் இல்லை நான்.

அதற்கும் ஒரு சாமான் வாங்கினேன். தீபாவளி லீவுக்குப் போகும்போது கையோடு ஒரு வைஃபை கேமராவும் சிம் போடுகிற மோடமும் கொண்டுபோனேன். வாசல் நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். வாசலும், துவைக்கிற கல்லும், தெருவில் கொஞ்சமும் தெரியும். இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும், அவர் பேசினால் எனக்குக் கேட்கும். நடப்பதையெல்லாம் ஒரு சின்ன மெமரி கார்டில் பதிவும் பண்ணிக்கொள்ளும். அப்பா நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்தைக் கண்ணன் என்று பெயரும் வைத்தார்.

"நீ எப்ப பாக்க, எப்ப பாக்கலன்னு எனக்கு எப்படித் தாயி தெரியும்?" என்று கேட்டார்.

நெட் கிடைத்தால் அந்தக் கேமராவில் ஒரு நீல விளக்கு எரியும். அவ்வளவுதான். நான் பார்க்கிறேனா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இதை விளக்க அஞ்சு நிமிடம் ஆகும். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நீல லைட் எரிஞ்சா நான் இருக்கேன்னு வச்சுக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. சோம்பேறித்தனம்.

எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வாட்ச்கூடக் கூடாது. நாள் முழுக்கப் போன் செய்கிறவர்கள் கையில் போன் இருக்காது. முதல் ஷிப்ட் என்றால் காலை ஆறு மணிக்கு வைத்த போன் மதியம் இரண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். இதை அப்பாவிடம் சொல்லாமல் இல்லை. ஒருமுறை சொன்னேன். "போன் கம்பெனியில போனுக்கா பஞ்சம்? அங்க கெடக்கதுல ஒண்ண எடுத்துப் பாத்துக்கிட மாட்டியா?" என்று சிரித்தார். விளக்கலாம் என்று வாயெடுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

அப்பா கேமராவிடம் பேசப் பழகிவிட்டார். பல் விளக்கும்போது, துணி காயப்போடும்போது, போகிற போக்கில் நிமிர்ந்து ஏதாவது சொல்வார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது, பக்கத்து வீட்டுக் கோழி நம் வீட்டில் முட்டை போட்டிருக்கிறது, ரேஷனில் இன்றைக்கு ஆள் இல்லை. பதிலுக்கு நிற்க மாட்டார். வேலையில் இருப்பாள், பேச முடியாது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவர் கணக்கு. நான் இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, காலையிலிருந்து பதிவானதை ஓட்டி ஓட்டிக் கேட்பேன். கோழி முட்டையை என்னப்பா பண்ணினீங்க என்று சாயங்காலம் போனில் கேட்டால், பார்த்தியா, எல்லாம் தெரியுது உனக்கு என்று சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தில் நானும் கொஞ்சம் குளிர்காய்ந்தேன் என்று சொல்லத்தான் வேண்டும்.

பொங்கல் வந்தது. பண்டிகை என்றாலும் லைனில் பாதி ஓடியாக வேண்டும். யாருக்கு லீவு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். எங்கள் சூப்பர்வைசர் மணிமங்கலத்துக்காரர், நியாயமான மனிதர். காலி ஸ்க்ரூ டப்பாவில் சீட்டுகளைப் போட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டுவார். எனக்கு லீவு விழுந்தது. என் எதிரே நிற்கிற பரமக்குடிப் பெண்ணுக்கு விழவில்லை. அவளுக்கு ஆவணியில்தான் கல்யாணம். தலைப்பொங்கல். அவள் அழவில்லை, சீட்டை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். என் சீட்டை அவளிடம் கொடுத்தேன்.

எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குள்ளே இருந்தது வேறு. ஊருக்குப் போனால் நாலு நாள் என்ன செய்வது? அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேச இரண்டு நாளில் விஷயம் தீர்ந்துவிடும். கேமராவில் தினமும்தான் பார்க்கிறேன், போய்த்தான் பார்க்க வேண்டுமா என்று தோன்றியது. அந்தச் சாமான் இல்லாதிருந்தால் சீட்டைக் கொடுத்திருக்க மாட்டேன். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

வரவில்லை என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். சரி, நீதான் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, உனக்குத் தெரிகிற மாதிரியே பொங்கல் வைக்கிறேன் என்றார். வீட்டுக்கார அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர்கள் நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய், மிச்சம் இருந்த இடத்தில் வரிசையாக அறை கட்டி எங்களுக்கு விட்டிருக்கிறார்கள். "இன்னாமா, தெருவே காலியாவுது, நீ மட்டும் இங்க குந்திகினு கீற. நாளைக்கி நம்ம வூட்ல வந்து சாப்டு" என்றார். சரிக்கா என்றேன்.

பொங்கலன்று இரண்டு மணிக்கு லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். கேட்டருகே நின்றே கூப்பிட்டேன். அப்பா வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு போலிருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உயிருக்கு ஒன்றுமில்லை, கிளம்பி வா என்றார். சரிண்ணே என்றேன். கம்பெனி பஸ்ஸில் ஏறி எப்போதும் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தேன். எப்போதும் போல கேமரா ஆப்பைத் திறந்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அப்பா காலையில் அடுப்புக்குச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வழக்கமாகப் பொங்கல் வைப்பது வீட்டின் பக்கவாட்டில், வேப்பமரத்தடியில். அது கேமராவில் தெரியாது. அதனால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பாசி பிடித்துக் கிடக்கிற இடத்தில் மூன்று செங்கல்லை வைத்துப் பானையை ஏற்றினார். ஏற்றிவிட்டுப் பின்னால் நகர்ந்து, நிமிர்ந்து, தெரியுதா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று கோலத்தை மறைக்காமல் பார்த்துக்கொண்டார். மஞ்சள் கொத்தை எடுக்கத் திரும்பினவர் அப்படியே பாசியில் கால் வழுக்கி விழுந்தார். மணி பத்தாகப் பத்து நிமிடம் என்று ஓரத்தில் காட்டியது.

எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வீட்டுக்குள்ளே சார்ஜில் கிடக்கிற போனின் பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பினார். அப்புறம் மேலே பார்த்தார்.

"வழுக்கிருச்சு தாயி. ஒண்ணும் பதறாத. எந்திரிக்கத்தான் முடியல, யாருக்காவது போனப் போடு."

பத்து மணிக்கு எங்களுக்கு டீ பிரேக். பண்டிகை என்பதால் அன்று கேன்டீனில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் போதவில்லை என்று குறை சொல்லியபடியே நான் இரண்டு கப் சாப்பிட்டேன். அதே நேரத்தில் அப்பா பாசியில் கிடந்தபடி, அவசரமில்லை, உனக்கு லைன் கிடைக்கும்போது போடு என்று கேமராவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் குரல் மெலிந்துகொண்டே போனது, ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. இடையில் ஒரு பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஓட்டவில்லை, முழுசாகப் பார்த்தேன்.

பிறகு பானை பொங்கியது. வழிந்து அடுப்பில் விழுந்த சத்தத்தில் அப்பா கண் திறந்து பார்த்தார்.

"பொங்கிருச்சு தாயி. கெழக்க பாத்துப் பொங்கிருக்கு, பாத்துக்கோ. உனக்கு நல்ல வருசம்."

பத்தரை தாண்டித்தான் பக்கத்து வீட்டு அண்ணன் கரும்போடு வந்தார். கரும்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, அப்பாவைத் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்கு மேல் கேமராவில் வெறும் வாசலும் புகைகிற அடுப்பும்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் கடலை மிட்டாய் நீட்டினாள், வாங்கித் தின்றேன். உடம்பெல்லாம் ஊசி போட்ட இடம் மாதிரி மரத்துப்போயிருந்தது. அறைக்கு வந்து துணியை எடுத்து வைத்தேன், சார்ஜரை மறக்காமல் வைத்தேன். வீட்டுக்கார அக்கா இலை போட்டு வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் அழுதார். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் காலியாக நின்றது. போக வேண்டியவர்கள் எல்லோரும் முதல் நாளே போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே ஒரு மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன திரை, உள்ளே எத்தனை ஸ்க்ரூ இருக்கும் என்றுதான் என் மூளை முதலில் யோசித்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் யோசித்துக்கொண்டேதான் இருந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவிடம், இவள்தான் என் மகள், நான் விழுந்ததை மெட்ராஸிலிருந்தே பார்த்து ஆள் அனுப்பினவள் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீதான தாயி இவனுக்குப் போனப் போட்டு அனுப்புன? எனக்குத் தெரியும். லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் நான் பயப்படவே இல்ல."

கட்டிலின் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அண்ணன் நின்றிருந்தார். அவருக்கு நான் போன் போடவில்லை. கரும்பு கொடுக்க வந்தவர் அவர். என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அப்பா முக்கால் மணி நேரம் யாருமே இல்லாமல் கிடந்தார் என்று ஆகும். ஆமாம் என்றால், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆகும். நான் ஆமாப்பா என்றேன்.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். சின்ன அத்தை ஒத்தாசைக்கு வந்து வீட்டோடு இருந்தது. நான் பத்து நாள் லீவு முடிந்து திரும்பிவிட்டேன். வரும்போது, சேரப்பணஞ்சேரியில் தனி வீடு பார்க்கிறேன், என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அப்பா யோசிக்கவே இல்லை. "இங்கன்னா நீ பாத்துக்கிட்டே இருக்க. அங்க வந்தா நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிருவ. என்னைய யாரு பாப்பா?" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அதற்கப்புறம் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்று ஸ்க்ரூ, அடுத்த போன். பரமக்குடிப் பெண் எனக்காகத் தினமும் குழம்பு கொண்டுவர ஆரம்பித்தாள், தன்னால்தான் இப்படி ஆனது என்று அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி. அவளைத் திட்டிவிட்டேன், உனக்கும் இதற்கும் என்னடி என்று. குழம்பை மட்டும் வாங்கிக்கொண்டேன். நெட்டில் புதுசாக எதையும் தேடவில்லை. புது இயர்பட்ஸ் ஆர்டர் போட்டது வந்து, பிரிக்காமலேயே கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பங்குனியில் ஒரு நாள். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன். காலை ஒன்பது மணிப் பதிவில் சின்ன அத்தை வாசலில் பையோடு நிற்கிறது. இன்னும் இரண்டு மாசம் இருந்துவிட்டுப் போகிறேனே அண்ணே, வாக்கரை விட்டு ஓரடி நடக்க முடியாமல் கிடக்கிறாயே என்று அது கெஞ்சுகிறது. அப்பா வாக்கரில் நின்றபடி தலையை ஆட்டுகிறார். உன் வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு எத்தனை நாள் இங்கே கிடப்பாய் என்கிறார். பிறகு கேமராவைக் கையால் காட்டுகிறார்.

"எனக்கு என்ன? மக பாத்துக்கிடுவா. அன்னைக்கும் அவதான ஆள அனுப்புனா. நீ கெளம்பு."

அத்தை அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டது. நான் அதைப் பார்த்தபோது மணி இரண்டேகால். அது போய் அஞ்சு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது.

முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. கூச்சமாகக்கூட இருந்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்தது இது என்று. பதிவை விட்டு வெளியே வந்து, இப்போது நடப்பதைத் திறந்தேன். வெயிலில் அப்பா தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேசுகிற பொத்தானை அழுத்தினேன். அப்பா என்றதும் முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார். சொல்லு தாயி, அத்தைய அனுப்பிட்டேன், பாத்திருப்பியே என்றார்.

இல்லப்பா, இப்பதான் பார்த்தேன் என்றேன். வேலையில் இருக்கும்போது என்னிடம் போன் இருக்காது, பொங்கலன்றும் லாக்கரில்தான் கிடந்தது, நீங்கள் விழுந்ததே எனக்கு இரண்டு மணிக்குத்தான் தெரியும் என்றேன். அண்ணனை நான் அனுப்பவில்லை, அவராகத்தான் கரும்பு கொண்டு வந்தார் என்றேன். அந்த விளக்கு நெட் இருந்தாலே எரியும்ப்பா, நான் இருக்கிறேன் என்று அர்த்தமில்லை என்றேன். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். தெருவில் ஒரு சைக்கிள் போனது, நெட் நிற்கவில்லை என்று தெரிந்தது. பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப அம்புட்டு நேரமும் நான் யார்ட்ட தாயி பேசிக்கிட்டுக் கெடந்தேன்?"